2019-இல் வந்த முதல் 5ஜி கைப்பேசியை இப்போது வாங்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அன்பரின் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். அவருடைய மகள் கோலாலம்பூரில் கல்லூரியில் சேர்கிறாள். லோ யாட் பிளாசாவில் ஒரு கடைக்காரர், 2019-இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்10 5ஜி கைப்பேசியைக் கீறல் இல்லாத நிலையில் வைத்திருக்கிறார். அது கொரியாவிலிருந்து வந்த ஏபி செட், அதாவது இங்குள்ள அதிகாரப்பூர்வ விற்பனையாளர் வழியாக வராமல் வெளிநாட்டிலிருந்து நேரே இறக்கிய கைப்பேசி. புதிய நடுத்தரக் கைப்பேசி ஒன்றின் விலையில் ஏறக்குறையப் பாதிக்குத் தருவதாகச் சொல்கிறார். திரையும் கேமராவும் கண்ணைப் பறிக்கின்றன, 5ஜி என்றும் எழுதியிருக்கிறது. வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். இரண்டு முறை படித்த பிறகு, அவருடைய உண்மையான ஐயம் வேறொன்று என்று எனக்குப் பட்டது. அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் 5ஜியும், இன்று கோலாலம்பூர்த் தெருவில் நமக்குக் கிடைக்கும் 5ஜியும் ஒன்றுதானா என்பதே அந்த ஐயம். கடைக்காரரிடம் கேட்டு அறிய முடியாத கேள்வி அது என்பதால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

கைப்பேசிக் கட்டமைப்புகளைக் களத்தில் அளந்து பார்க்கும் வேலையில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. காரின் பின்னிருக்கையில் மடிக்கணினியும் அதனோடு இணைத்த ஐந்தாறு கைப்பேசிகளுமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளையும், சில ஆண்டுகள் பினாங்குத் தீவையும் பிறை நகரையும் சுற்றியிருக்கிறேன். எந்த இடத்தில் லைன் எப்படி இருக்கிறது, அழைப்பு எத்தனை விநாடியில் இணைகிறது, எங்கே அறுந்து போகிறது என்று பதிவு செய்வதே வேலை. ஆகவே அலைவரிசை, அழைப்பு, மின்கலம், சூடு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். கேமராவின் தரத்தை ஒரு பயனராக மட்டுமே சொல்வேன். அதில் என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தக் கைப்பேசிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் தென்கொரியா 5ஜி சேவையைத் தொடங்கியபோது அந்நாட்டு மக்கள் கையில் ஏந்திய கருவி இதுதான். 6.7 அங்குலத் திரை, 8 ஜிபி நினைவகம், குறைந்தது 256 ஜிபி சேமிப்பிடம், 4500 மில்லியாம்பியர் மணி மின்கலம், 25 வாட் விரைவு மின்னேற்றம் என்று அன்று கொடுக்கக்கூடிய அனைத்தையும் கொடுத்தார்கள். அந்தத் திரையை இன்றைய மலிவுக் கைப்பேசிகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறு ஏழு ஆண்டு வயது தெரியாது. 4ஜி பகுதியோ அப்போது பத்தாண்டுகள் முதிர்ந்திருந்த தொழில்நுட்பம். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடிக்கும் திறன் அதற்கு உண்டு. கூட்டம் நிறைந்த கே.எல். சென்ட்ரல் போன்ற இடங்களில் இந்தத் திறன் உள்ள பழைய உயர்வகைக் கைப்பேசி, அது இல்லாத புதிய மலிவுக் கைப்பேசியைக் காட்டிலும் நன்றாக வேலை செய்வதை அளவீட்டில் பலமுறை கண்டிருக்கிறேன். கூடுதல் நினைவக அட்டை போட இடம் இல்லை, ஒரே ஒரு சிம்தான் போட முடியும் என்பவை சிறிய குறைகள். பினாங்கு எண் ஒன்றும் கோலாலம்பூரில் மலிவாகக் கிடைக்கும் டேட்டா எண் ஒன்றும் வைத்துக்கொள்ள நினைக்கும் மாணவிக்கு மட்டும் இரண்டாவது குறை சற்று உறுத்தும்.

இனி 5ஜி. ஒரு தலைமுறையின் முதல் கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தலைவிதி. கட்டமைப்பு முழுமையடையும் முன்பே கருவியைச் செய்தாக வேண்டும். கோபுரத்தோடு பேசுவதற்கான மோடம் சில்லு இன்னும் பக்குவப்பட்டிருக்காது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் வந்த எச்டிசி தண்டர்போல்ட், அங்கே எல்டிஇ என்ற 4ஜி கட்டமைப்பில் ஓடிய முதல் கைப்பேசிகளில் ஒன்று. வேகத்துக்காகப் புகழப்பட்ட அந்தக் கருவியின் 1400 மில்லியாம்பியர் மணி மின்கலம் ஒரு பகல் பொழுதைத் தாண்டத் திணறியது. ஆப்பிள் அந்த ஆண்டு காத்திருந்து, 2012-இல் ஐபோன் 5-இல்தான் எல்டிஇயைச் சேர்த்தது. 5ஜியிலும் அதே கதை நடந்தது. 2019-இன் பெரும்பாலான ஆண்ட்ராய்டு 5ஜி கைப்பேசிகளில் இருந்தது ஸ்னாப்டிராகன் 855 என்ற முதன்மைச் சில்லு. அதற்குள் 4ஜி மோடம் உண்டு, 5ஜி மோடம் கிடையாது. அதனால் எக்ஸ்50 என்ற தனிச் சில்லை அதன் பக்கத்தில் ஒட்டவைத்தார்கள். கொரிய எஸ்10 5ஜியிலும் முதன்மைச் சில்லுக்கு வெளியே எக்சினோஸ் 5100 என்ற தனி மோடம்தான். தனிச் சில்லுக்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், சூடும் கூடும். ஹுவாவே மேட் 20 எக்ஸ் கைப்பேசியின் 4ஜி வகையில் 5000 மில்லியாம்பியர் மணி மின்கலம் இருந்தது. 5ஜி வகையில் அது 4200 ஆகக் குறைந்தது. அதிகம் உண்ணும் பிள்ளைக்குச் சிறிய தட்டு கொடுத்த கதை. உயர்வகை ஸ்னாப்டிராகனில் 5ஜி மோடம் உள்ளேயே அமைந்தது 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 888 சில்லில்தான். அதற்குப் பின் வந்த கருவிகளை நான் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.

மின்கலத்தைவிடப் பெரிய வேறுபாடு அலைவரிசையில் இருக்கிறது. மலேசியாவில் 5ஜி 2021 டிசம்பர் 15 அன்று கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவின் சில பகுதிகளில் தொடங்கியது. அந்தக் கைப்பேசி பிறந்து இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! 5ஜிக்காக அரசு தொடங்கிய டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம் அமைத்த அந்தக் கட்டமைப்பு முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் நம்மை வந்தடைகிறது: 3.5 கிகாஹெர்ட்ஸ், 700 மெகாஹெர்ட்ஸ். முதலாவது வேகத்துக்கு, இரண்டாவது எட்டத்துக்கு. கொரியா தொடங்கியதும் 3.5 கிகாஹெர்ட்ஸில்தான் என்பதால், கொரிய செட்டின் 5ஜிக்கு இங்கே வாய்ப்பு உண்டு, அது அதிர்ஷ்டம். இதே கைப்பேசியின் அமெரிக்க வகைகளில் ஒன்று, அங்கே முதலில் தொடங்கிய மில்லிமீட்டர் அலை என்ற மிகக் குட்டையான அலைக்காகச் செய்யப்பட்டது. அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தால் 5ஜி என்ற எழுத்து பெட்டியில் மட்டுமே இருக்கும். ஆகவே வடிவ எண்ணை, அதாவது மாடல் நம்பரை, பார்ப்பது முதல் வேலை. அமைப்புகளில் ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற பக்கத்தில் எஸ்எம்-ஜி977 (SM-G977) என்று தொடங்கி ஓர் எழுத்தில் முடியும். ‘என்’ (N) என்றால் கொரியா, ‘பி’ (B) என்றால் பன்னாட்டு வகை, ‘யூ’ (U) என்றால் அமெரிக்கா. அன்பர் அந்த எழுத்தைக் குறிப்பிடவில்லை. கடைக்காரர் கொரியா என்று சொன்னது மட்டுமே இருக்கிறது. சொல்வதை விட்டுவிட்டுத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

700 மெகாஹெர்ட்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர்; 700 மெகாஹெர்ட்ஸ் அலை நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டும். நீண்ட அலை கற்சுவரையும் அடுக்குமாடியின் உள் அறைகளையும் எளிதாகக் கடக்கும். குட்டை அலை சன்னலோரத்திலேயே சோர்ந்துவிடும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடு ஒன்றில், லெபோ பசாரை ஒட்டிய தெருவில், நாங்கள் அளவெடுத்தபோது முன்வாசலில் பறந்த 5ஜி, நடுமுற்றத்தைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போவதற்குள் காணாமல் போனது. 700-ஐப் பிடிக்கத் தெரிந்த கைப்பேசி மட்டும் அங்கேயும் தொடர்ந்தது. எக்ஸ்50 மோடம், அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் முறையை மட்டுமே 5ஜியில் அறியும். 700-இல் இரண்டுக்கும் தனித்தனி வழி. அது எக்ஸ்50-க்குப் புரியாத மொழி. எந்த மென்பொருள் புதுப்பிப்பும் இதை மாற்றாது, ஏனென்றால் இது வன்பொருளில் உள்ள குறை. கொரிய வகையில் மோடம் வேறு என்றாலும், அன்று அந்நாட்டில் தேவைப்படாத 700-ஐ அதில் எதிர்பார்க்க வேண்டாம். கல்லூரி விடுதியின் உள்ளறையில் மகள் 5ஜியைப் பார்ப்பாளா என்று என்னைக் கேட்டால், பார்க்க மாட்டாள் என்று வைத்துக்கொண்டே முடிவெடுக்கச் சொல்வேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அக்காலக் கைப்பேசிகள் 4ஜியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடக்கும் 5ஜிக்காகச் செய்யப்பட்டவை. முதலில் 4ஜியில் இணைந்து, அதன்மேல் 5ஜியைச் சேர்த்துக்கொள்ளும். எந்த 4ஜி அலைவரிசையோடு எந்த 5ஜி அலைவரிசையைச் சேர்க்கலாம் என்ற பட்டியல் கருவியின் மென்பொருளில் எழுதப்பட்டிருக்கும். கொரிய நிறுவனங்களுக்காக எழுதிய பட்டியலில் நம் நாட்டுச் சேர்க்கை இருக்குமா என்பது கையில் சிம் போட்டுப் பார்க்காமல் தெரியாது. இதே கைப்பேசி ஒரு நிறுவனத்தின் சிம்மில் 5ஜி காட்டி, மற்றொன்றின் சிம்மில் காட்டாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாகலாம். நாட்டில் இரண்டாவது 5ஜி கட்டமைப்பை அமைக்க 2024 நவம்பரில் யூ மொபைல் என்ற கைப்பேசிச் சேவை நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 4ஜியின் துணையில்லாமல் தனித்தியங்கும் 5ஜியை நோக்கித்தான் உலகம் நகர்கிறது. எக்ஸ்50 கருவிகள் அப்படித் தனித்தியங்கும் கட்டமைப்பில் நுழையவே முடியாது. பழைய முறையை நிறுவனங்கள் உடனே கைவிடாது என்பது என் கணிப்பு மட்டுமே. நுழைய முடியாது என்பது உறுதி.

சூட்டைப் பற்றி நேரில் கண்டதைச் சொல்கிறேன். இங்கே 5ஜி தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு நாள் பிற்பகல், ஜாலான் அம்பாங்கில் வண்டி நெரிசலில் நின்றிருந்தோம். முதல் தலைமுறை 5ஜி கைப்பேசிகள் இரண்டை முன்கண்ணாடியின் கீழே பொருத்தியிருந்தோம்; தொடர்ந்து கோப்பு இறக்கிக்கொண்டிருந்தன. கால் மணி நேரத்தில் ஒன்றின் திரை தானாக மங்கியது, பிறகு 5ஜி எழுத்து மறைந்து 4ஜி வந்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தது. மடிக்கணினியில் அலையின் வலிமையும் நன்றாகவே இருந்தது. உடன் வந்த தம்பி கைப்பேசியைக் கழற்றி ஏர்கானின் வாய்க்கு நேரே பிடித்தார். முதுகுப்புறத்தைத் தொட்டால், அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையைத் தொடுவது போல இருந்தது. சில நிமிடங்களில் 5ஜி திரும்பி வந்தது. கருவி தன்னைக் காத்துக்கொள்ள 5ஜியை அணைத்துவிட்டது, அவ்வளவுதான். 2019 கோடையில் அமெரிக்க நகரங்களிலும் முதல் 5ஜி கைப்பேசிகள் வெயிலில் 4ஜிக்கு இறங்கியதாகச் செய்திகள் வந்தன. அவர்களுக்கு அது சில மாதங்கள், நமக்கு ஆண்டு முழுவதும் 32, 33 பாகை. அறைக்குள் காணொளி பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஹாட்ஸ்பாட் போடுபவருக்குத் தெரியும்.

இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது எவரும் கேட்காத ஒன்று: அந்தக் கைப்பேசியில் பேச முடியுமா? மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் மூடப்பட்டது. அடுத்த மாதம் செந்தூலில் இருக்கும் என் பெரியம்மா மகள் கூப்பிட்டு, “தம்பி, போன் பேசுனா வாட்ஸ்அப் செத்துப்போயிடுது, சிம்மை ரெண்டு தடவை மாத்திட்டேன்” என்றார். போய்ப் பார்த்தேன். 4ஜி வந்த புதிதில் வாங்கிய கைப்பேசி. சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மேல் மூலையில் இருந்த 4ஜி மறைந்து, 2ஜியைக் குறிக்கும் ‘இ’ என்ற எழுத்து வந்தது. பத்து விநாடிக்கு மேல் ஆகியும் என் கைப்பேசி ஒலிக்கவில்லை. பேசி முடித்து வைத்த பிறகு, தேங்கி நின்ற வாட்ஸ்அப் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தொடக்ககால 4ஜி கருவிகளுக்கு 4ஜியில் பேசத் தெரியாது; அழைப்பு வந்தால் 3ஜிக்கு இறங்கும். 3ஜி போனபின் 2ஜிக்கு இறங்குகிறது. 2ஜியில் பேச்சு நடக்கும்போது டேட்டா நின்றுவிடும். அக்காவின் கைப்பேசியில் கோளாறே இல்லை. அதன் காலம் முடிந்துவிட்டது.

எஸ்10 5ஜிக்கு 4ஜியில் பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, உண்டு. ஆனால் அதையும் நிறுவனம் நிறுவனமாக மென்பொருளில் திறந்துவிட வேண்டும். கொரியாவுக்காக அமைத்த செட்டில் நம் நாட்டு நிறுவனத்துக்கான கதவு திறந்திருக்கலாம், மூடியும் இருக்கலாம். மூடியிருந்தால், ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலையில் பிறந்த அந்தக் கைப்பேசியும் செந்தூல் அக்காவின் கைப்பேசியைப் போலவே நடந்துகொள்ளும். இரவில் வீட்டுக்கு அழைக்கும் மகளின் குரல் 2ஜி வழியாக வருவதற்கா இந்தப் பணம்? ஏபி செட் என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு மென்பொருள் உள்ள செட்டைச் சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு.

மென்பொருளில் வேறு ஒரு முடிவும் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9-உடன் பிறந்த இந்தக் கைப்பேசி ஆண்ட்ராய்டு 12-உடன் நின்றது. இன்று பெரும்பாலான செயலிகள் அதில் ஓடும். வங்கிச் செயலிகள்தான் பழைய பதிப்புகளை முதலில் கைவிடும் என்பதால், கல்விக்கடன் பணமும் கைச்செலவும் கைப்பேசி வழியாகவே நகரும் மாணவிக்கு இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கருவியில் வங்கிக் கணக்கை வைப்பதை நான் என் பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை. கொரிய செட்டில் புகைப்படம் எடுக்கும்போது வரும் ‘கிளிக்’ ஒலியை அமைப்புகளில் அணைக்க முடியாது. விரிவுரை மண்டபத்தில் வெண்பலகையைப் படம் பிடிக்கும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மின்கலத்துக்கு வயது தெரியும். லித்தியம் அயனி மின்கலம், பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஆண்டுக்காண்டு வலுவிழக்கும். 2019-இன் மின்கலம் இன்னும் உள்ளே இருந்தால் அதன் 4500 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், எந்த மின்கலம் என்று கேளுங்கள். கண்ணாடி முதுகைத் திறந்து மூடிய பிறகு நீர்புகாத் தன்மையும் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் மாலை மழைக்கு அது முக்கியம்.

ஆக என் தீர்ப்பு: இதை ஒரு 5ஜி கைப்பேசியாக வாங்க வேண்டாம். நல்ல திரையும் நல்ல 4ஜியும் உள்ள, வயதான ஒரு கைப்பேசியாக மட்டும் எடைபோட்டு, அந்த விலை தகுமா என்று பாருங்கள். வகுப்புக் காணொளிக்கு விநாடிக்கு ஐந்து மெகாபிட் போதும். நல்ல 4ஜி அதைத் தாராளமாகத் தரும். எனவே 5ஜி கிடைக்காமல் போவது மகளின் படிப்பைத் தொடாது. அழைப்பும் வங்கிப் பாதுகாப்பும் தொடும். அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இங்கே விற்பனைக்கென்றே வந்த, சிரிம் என்ற மலேசியத் தர நிர்ணய அமைப்பின் சான்று பெற்ற, 700-ஐயும் 3.5-ஐயும் பிடிக்கும் நடுத்தர 5ஜி கைப்பேசி ஒன்றை வாங்க முடியுமானால், திரை சற்று மங்கலாக இருந்தாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனாலும் மனம் அந்த எஸ்10-ஐ விட்டு நகரவில்லை என்றால், மகளையும் அவள் பயன்படுத்தப்போகும் சிம்மையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். வடிவ எண்ணைப் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணை, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிம்மைப் போட்டு, கடையிலிருந்தே வீட்டுக்கு அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைப் பாருங்கள், 4ஜி நிற்க வேண்டும். அழைப்பை வைக்காமல் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் வோல்ட்டி இருக்கிறது. அடித்தளக் கடைக்குள் 5ஜி வராதது எதையும் காட்டாது. ஆகவே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியோடு ஜாலான் புக்கிட் பிந்தாங் முனைக்கு வந்து நின்று பாருங்கள். சிம்மின் கட்டணத் திட்டம் 5ஜிக்கு உரியதுதானா என்பதை முன்பே நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல கைப்பேசியின்மேல் வீண்பழி விழும். கடைசியாக, காணொளி ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு மின்கலம் எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் இறங்கினால் மின்கலம் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். இந்த அரை மணி நேரத்துக்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். அதே மாடியில் வேறு கடைகள் நிறைய இருக்கின்றன.